உங்களுக்குத் தெரியுமா? வயிற்றைத் திறக்காமலே மண்ணீரலைக் காப்பாற்றலாம்

நாரணாபுரம் போன்ற பட்டாசு ஊர்களில் வெடிவிபத்து என்றால் தீக்காயம்தான் கண்ணில் படும். இடிந்த சுவர் வயிற்றில் விழுந்தால், தோலில் கீறல்கூட இல்லாமல் கல்லீரலோ மண்ணீரலோ கிழிந்திருக்கலாம். முன்பெல்லாம் உடனே அறுவைச் சிகிச்சைதான். 1971இல் லண்டனில் முதல் நோயாளிக்கு எடுக்கப்பட்ட சி.டி. ஸ்கேன் பிற்பாடு அதை மாற்றியது. ரத்தநாளத்தில் மருந்து ஏற்றி எடுக்கும் படம், கிழிசலின் ஆழத்தையும் ரத்தம் இன்னும் கசிகிறதா என்பதையும் காட்டிவிடும். ரத்த அழுத்தம் நிலையாக இருந்தால் பெரும்பாலோருக்குக் கண்காணிப்பும் ஓய்வுமே போதும். கசிவு தொடர்ந்தால், தொடைத் தமனி வழியே மெல்லிய குழாயை எக்ஸ்ரே திரையில் பார்த்தபடி செலுத்தி, கசியும் நாளத்தைச் சிறு உலோகச் சுருளால் அடைப்பார்கள். கிருமிகளை எதிர்க்கும் மண்ணீரல் தப்புவது சாதாரண விஷயமல்ல! குடல் கிழிந்தாலோ, ரத்த அழுத்தம் சரிந்தாலோ அறுவைச் சிகிச்சையே வழி. விபத்துக்குப் பின் இடது தோள் வலித்தால்கூட மருத்துவரிடம் சொல்லுங்கள். அது மண்ணீரல் கசிவின் அறிகுறியாக இருக்கலாம்.