கட்டி தட்டினால்தான் கெட்டிக்காரத் தேநீர்!

முதலில் ஆளைப் பார்த்துவிடுவோம். வெள்ளைத் தட்டில் கறுப்பும் பழுப்புமாக, கோணல்மாணலாகக் கிடக்கும் சின்னச் சின்ன உருண்டைகள். உள்ளதைச் சொன்னால், ஆட்டுப்புழுக்கைதான் ஞாபகத்துக்கு வருகிறது! ஆனால் பூஆர் என்ற சீனத் தேநீரின் பித்தர்களிடம் இந்தத் தட்டை நீட்டிப் பாருங்கள், கண் விரியும். பெயர் லாவ் சா தோ. அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டு இதன் பூர்விகத்தை எட்டிப் பார்க்கலாம், வாங்க.

சீனாவின் யுன்னான் மாகாணம், மெங்ஹாய்ப் பக்கம் ஒரு தேயிலை ஆலை. கதவைத் தள்ளியதும் வாடை முகத்தில் அறைகிறது. ஈரச் சாக்கு, மக்கிய இலை, கொஞ்சம் மீன் கவிச்சி எல்லாம் சேர்ந்த வாடை. திரும்பி ஓடிவிடாதீர்கள், வித்தையே இங்கேதான்!

தரையில் இடுப்பளவு உயரத்துக்குத் தேயிலை அம்பாரம். ஒரு அம்பாரமே பல டன் இருக்கும். வெயிலில் காய்ந்த பெரிய இலை ரகத்தைக் கொட்டி, தண்ணீர் தெளித்து, துணி போர்த்தி மூடியிருக்கிறார்கள். வழக்கமான முறையில் தனியாக உறை எதுவும் ஊற்றுவதில்லை. இலையிலும் தரையிலும் ஏற்கெனவே குடியிருக்கும் பூஞ்சைகளும் ஈஸ்டுகளும் பாக்டீரியாக்களுமே போதும். ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சைக்கு இதில் பெரிய பங்கு. அவை வேலையில் இறங்க இறங்க அம்பாரம் கொதிக்கத் தொடங்குகிறது. உள்ளே சூடு 50, 60 டிகிரிக்குப் போய்விடும்! மண்வெட்டியால் ஒரு கிளறு கிளறினால் குபுகுபுவென்று ஆவி.

சூடு எல்லை மீறினால் இலை கருகும். குறைந்தால் புளிப்புத் தட்டும். அதனால் வாரம், பத்து நாளுக்கு ஒருமுறை மொத்தத்தையும் புரட்டிப் போட வேண்டும். 45 நாள், 60 நாள் என்று இந்தக் கூத்து நீளும். முடிவில், வாயைத் துவர்க்க வைக்கும் கேட்டகின்கள் பெருமளவு கரைந்து, தியாபிரவுனின் என்ற கரும்பழுப்புச் சேர்மங்கள் உருவாகியிருக்கும். கோப்பையில் நாம் பார்க்கும் கறுப்பு அதுதான்.

நம் உருண்டைகள்? எல்லாம் அடியில்! மேலிருக்கும் பாரம் அமுக்க, ஈரம் கீழே இறங்க, இலையிலிருந்து கசியும் பெக்டின் பசையாகிப் பக்கத்து இலைகளைப் பிடித்துக்கொள்கிறது. புரட்டும்போது ஆட்கள் கட்டிகளைக் கையால் உடைத்து உதிர்ப்பார்கள். பிரிந்தால் சரி. பிடிவாதம் பிடிப்பதைப் பிய்த்தால் இலை தூளாகிவிடும். ஆகவே பொறுக்கித் தனியே போட்டுவிடுவார்கள். அப்படி ஒதுங்கிய பண்டத்துக்குத்தான் இன்று தனி மவுசு!

இந்த அம்பார முறைக்கு வயது அதிகமில்லை. இப்படி அம்பாரம் போடாத பச்சை பூஆர் தானாக முதிர்ந்து இதமாகப் பல்லாண்டுகள் ஆகும். ஹாங்காங் உணவகங்களுக்கோ முதிர்ந்த தேநீர் மூட்டை மூட்டையாக வேண்டும். காத்திருக்க யாரால் முடியும்? 1973இல் குன்மிங் தேயிலை ஆலையில் வூ சீயிங் குழுவினர் இந்தக் குறுக்குவழியைச் செப்பனிட்டார்கள். மெங்ஹாய் ஆலையில் அதை வளர்த்தெடுத்தவர்களில் ஸோ பிங்லியாங் முக்கியமானவர்.

தண்ணீர் கொதித்துவிட்டது. நூறு மில்லி பிடிக்கும் மூடிக் கிண்ணத்தில் ஏழெட்டு கிராம் உருண்டைகள். தளதளவென்று கொதிக்கும் நீரை ஊற்றிப் பத்து விநாடியில் கொட்டிவிடுங்கள். இன்னொரு முறையும் அப்படியே. இது குளியல், குடிக்க அல்ல. பிறகு மூடியைப் போட்டு இரண்டு நிமிடம் விடுங்கள். உள்ளிருக்கும் ஆவியே உருண்டையை இளக்கும். இப்போது மூடியைத் திறந்து மோந்தால் ஈர மரம், பேரீச்சை, லேசாக மண்வாசம். கவிச்சி இன்னும் தூக்கலாக அடித்தால் சரக்கு புதுசு. சில மாதம் காற்றாட வைத்தால் தணிந்துவிடும்.

முதல் கோப்பை செம்பழுப்பு, சாதுவாகத்தான் இருக்கும். ஏமாந்துவிடாதீர்கள்! நான்காவது, ஐந்தாவது ஊற்றலில்தான் உருண்டை மனம் திறக்கிறது. நிறம் கருக்கிறது, நாக்கில் வழுக்குகிறது, துவர்ப்பே இல்லாமல் தொண்டையில் ஒரு தித்திப்பு தங்குகிறது. சாதாரண உதிரி இலை சாரத்தைச் சீக்கிரம் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். இந்தக் கஞ்சன் உள் இலைவரை நீர் இறங்க இறங்கத்தான் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்க்கிறான். ஆலையில் பிரிய மறுத்த அதே பிடிவாதம்தான் இங்கே பத்து ஊற்றலைத் தாண்டியும் சுவை தருகிறது.

வாங்கும்போது கொஞ்சம் உஷார். நல்ல உருண்டை அளவில் ஒன்றுபோல் இருக்காது. ஊறியபின் விரலால் பிரித்தால் இலையின் விளிம்பும் காம்பும் தெரியும். ஒரே அளவில் பளபளவென்று மின்னும் சுய்யின்ஸி என்ற துணுக்குகளும் சந்தையில் உண்டு. அவை பெரும்பாலும் பிற்பாடு உருவம் கொடுக்கப்பட்டவை. ஒட்டரிசிச் சோற்று மணம் தூக்கலாக வந்தால், அந்த மணமுள்ள மூலிகை இலையைச் சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஊற்றி ஊற்றி வெளுத்த பிறகும் எறியாதீர்கள். பாத்திரத்தில் போட்டு அடுப்பில் கொதிக்கவிட்டால் இன்னொரு சுற்று நிச்சயம். ஒரே எச்சரிக்கை: துவர்ப்பு இல்லையே, சாதுவான தேநீர்தானே என்று ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கிவிடாதீர்கள். பூஞ்சைகள் எதை எதையோ மாற்றினாலும் காஃபீனை நமக்காக மிச்சம் வைத்திருக்கின்றன!