சாவி வாட்ச்சும் புதுவை நகரமும்

1941-ல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் செய்துகொண்ட சுங்க ஒன்றிய ஒப்பந்தம் 1949-ல் முடிவுக்கு வந்தது. அதோடு பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியைச் சுற்றிச் சுங்கச் சாவடிகள் முளைத்தன. ஊருக்குள் வெளிநாட்டுச் சரக்கு தாராளமாக இறங்கியது. வெளியிலோ, அந்நியச் செலாவணியைக் காப்பாற்ற இறக்குமதியை இறுக்கிக்கொண்டிருந்தது புதிதாக விடுதலை பெற்ற இந்தியா. தங்கமும் வைரமும் எல்லை தாண்டின. முழுக்கைச் சட்டைக்குள் கட்டிக்கொண்டு நடந்தாலே சாவடியைக் கடந்துவிடலாம் என்ற அளவுக்குக் கடத்த எளிய பொருள் கைக்கடிகாரம். 1954 நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறும்வரை இதுதான் நிலை.

விலை உயர்ந்த கைக்கடிகாரம் சேர்ப்பது என்றால் ஜெனீவா ஏலக்கூடமும் துபாய் ஷோரூமும்தான் நினைவுக்கு வருகின்றன. இப்படியொரு கடந்த காலம் கொண்ட புதுவைக்காரருக்கு அது வீட்டு பீரோவிலேயே தொடங்கலாம். பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனா வரை போய், பிரான்ஸ் அரசின் பென்ஷனோடு திரும்பிய ‘சொல்தா’ குடும்பங்கள் இந்த ஊரில் உண்டு. பாரிசுக்கும் புதுவைக்கும் மாறி மாறி வாழும் குடும்பங்களும் உண்டு. அப்படிப்பட்ட வீடுகளில் ‘லிப்’ என்று எழுதிய வாட்ச் ஒன்று கிடைத்தால் அதைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. பிரான்சின் கடிகார நகரமான பெசான்சோனில் 1867-ல் தொடங்கிய நிறுவனம் அது. 1973-ல் ஆட்குறைப்பை எதிர்த்த தொழிலாளர்கள் ஆலையைத் தங்கள் கையில் எடுத்து, தாங்களே வாட்ச் செய்து, தாங்களே விற்று, அந்தப் பணத்தில் தங்களுக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டார்கள். பிரான்சின் தொழிற்சங்க வரலாற்றில் மறக்க முடியாத போராட்டம் அது.

மற்ற வீடுகளில் வேறு பெயர்கள் இருக்கும். ஃபாவ்ர் லூபா 1737-ல் சுவிட்சர்லாந்தின் லு லோக்கிளில் தொடங்கியது. 1865-லேயே பம்பாயில் கால் வைத்துவிட்டது. அதன் ‘ஸீ கிங்’, ‘ஸீ சீஃப்’ வாட்ச்சுகள் இந்தியாவில் ஒரு தலைமுறையின் கல்யாணப் பரிசு. இந்தியச் சந்தையைக் குறிவைத்துத் தொழில் நடத்திய வெஸ்ட் எண்ட் இன்னொன்று. பிறகு வந்தது எச்.எம்.டி. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு 1961-ல் பெங்களூரில் ஆலை தொடங்கி, ‘ஜனதா’, ‘பைலட்’, ‘சோனா’ என்று நாடெங்கும் மணிக்கட்டுகளை நிறைத்தது. எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மூடப்போகிறார்கள் என்ற செய்தி பரவியதுமே, அதுவரை யாரும் சீந்தாத ஜனதாவைத் தேடி ஆட்கள் கிளம்பினார்கள்.

ஒரு ஜனதாவின் பின்மூடியைத் திறந்து பார்ப்பது இந்தப் பொழுதுபோக்குக்கு மிக நல்ல தொடக்கம். உள்ளே செல் கிடையாது. வட்டப் பெட்டிக்குள் சுருண்டிருக்கும் ஸ்பிரிங்தான் எல்லாவற்றுக்கும் ஆதாரம். காலையில் சாவி கொடுக்கும்போது அது இறுகுகிறது. பிறகு ஒரு நாளுக்கு மேல் மெல்ல அவிழ்கிறது. மொத்தமாக அவிழ்ந்துவிடாதபடி தடுத்துத் தடுத்து விடுவது, முன்னும் பின்னும் ஊசலாடும் பேலன்ஸ் சக்கரம். அதன் நடுவே தலைமுடியைவிட மெல்லிய ஒரு சுருள் மூச்சு விடுவதுபோல் விரிந்து சுருங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். ஜனதாவில் அந்தச் சக்கரம் விநாடிக்கு 5 தடவை, ஒரு நாளைக்கு 4,32,000 தடவை துடிக்கிறது. சிவப்பாகத் தெரியும் 17 கற்களும் அலங்காரம் அல்ல. அச்சுகள் தேயாமலிருக்க வைத்த செயற்கை மாணிக்கங்கள் அவை.

பல லட்ச ரூபாய் வாட்ச்சுக்குள்ளும் அடிப்படையில் இதே ஏற்பாடுதான். துடிப்பு பெரும்பாலும் விநாடிக்கு 8 ஆகியிருக்கும். கண்ணுக்குத் தெரியாத பாகத்தின் விளிம்பைக்கூடக் கையால் மெருகேற்றியிருப்பார்கள். சுவிட்சர்லாந்தின் ‘குரோனோமீட்டர்’ சான்று பெற வேண்டுமானால், மெஷின் ஒரு நாளைக்குச் சராசரியாக 4 விநாடி பிந்துவதற்கும் 6 விநாடி முந்துவதற்கும் உள்ளேயே நிற்க வேண்டும். சில நூறு ரூபாய் செல் வாட்ச் இதைவிடச் சரியாக ஓடும் என்பதும் உண்மையே. அதிலுள்ள குவார்ட்ஸ் படிகம் விநாடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. 1969 டிசம்பர் 25-ல் ஜப்பானின் சீகோ முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது சுவிட்சர்லாந்து ஆடிப்போனது. சுமார் 90,000 பேருக்கு வேலை தந்த தொழில் அடுத்த பதினைந்து ஆண்டுகளில் 30,000 பேர் அளவுக்குச் சுருங்கியது. பிழைத்து நின்ற நிறுவனங்கள், நேரம் காட்டுவதைவிடக் கைவேலையையும் வரலாற்றையும் முன்னிறுத்தின. இன்றைய ஆடம்பர வாட்ச் சந்தை அங்கிருந்து எழுந்ததுதான்.

வரலாறு என்றால் எவ்வளவு விலை? நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலெக்ஸ் டேடோனா 2017 அக்டோபரில் நியூயார்க் ஏலத்தில் 1 கோடியே 77 லட்சம் டாலருக்குப் போனது. அது உருக்கால் ஆனது. ஒரு குண்டுமணித் தங்கம் கிடையாது. 2022 டிசம்பரில் தமிழகத் தேநீர்க் கடைகள் வரை ஒரு வாட்ச் அரசியல் சண்டையாகிப் பேசப்பட்டதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அப்போதைய பா.ஜ.க. மாநிலத் தலைவர் அண்ணாமலை கட்டியிருந்த அந்த ‘ரஃபேல்’ வாட்ச்சை, பாரிசைச் சேர்ந்த பெல் அண்ட் ரோஸ் நிறுவனம் 500 மட்டுமே செய்தது. எத்தனை செய்தார்கள் என்ற எண் எப்படி விலையாகிறது என்பதை அந்த அரசியல் சண்டை தமிழ்நாட்டுக்கே பாடமாக நடத்தியது. இந்தியாவுக்கே சொந்தமான கதையும் ஒன்று உண்டு. போலோ ஆடும்போது கண்ணாடி உடைந்துவிடுகிறது என்று இங்கிருந்த ஆங்கிலேய அதிகாரிகள் முறையிட்டதால்தான், முகத்தை உள்பக்கம் திருப்பிக்கொள்ளும் ‘ரிவர்ஸோ’ 1931-ல் பிறந்தது. ஜெஜே லகூல்த்ர் நிறுவனம் அதை இன்றும் செய்கிறது.

வாங்குவதில்தான் ஆபத்து அதிகம். ஞாயிற்றுக்கிழமை மகாத்மா காந்தி சாலையில் விரியும் சண்டே மார்க்கெட்டிலோ, கைப்பேசியிலோ, புத்தம்புதிதாய் மின்னும் பழைய வாட்ச் கண்ணில் பட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஒரு வாட்ச்சின் மெஷின், இன்னொன்றின் கூடு, புதிதாகப் பெயின்ட் அடித்த டயல் என்று கோத்து விற்பவற்றை உலகெங்கும் சேகரிப்பாளர்கள் ‘மும்பை ஸ்பெஷல்’ என்றே அழைக்கிறார்கள். ரிப்பேர்க்காரர் கண்ணில் செருகும் லென்ஸ் ஒன்றை வாங்கிக்கொள்வது முதல் செலவாக இருக்கட்டும். அதில் பார்த்தால் போலி டயலின் எழுத்து ஓரம் பிசிறடித்திருக்கும்; நிமிடக் கோடுகள் மணிக் கோட்டோடு சேராமல் விலகி நிற்கும். அறுபது வயது வாட்ச்சின் டயலில் லேசான பழுப்பு இருப்பது இயல்பு. அதைத் துடைத்துப் புதுப்பிக்கச் சொல்வது, அதன் மதிப்பைக் காசு கொடுத்து அழிப்பது. விநாடி முள் வழுக்கிக்கொண்டு ஓடினால் அசல் ரோலெக்ஸ் என்ற பழைய நம்பிக்கையும் இன்று செல்லாது. போலிகளுக்குள்ளும் ஆட்டோமேட்டிக் மெஷின்தான் இருக்கிறது.

இருட்டில் ஒளிர்ந்த பழைய ‘ரேடியம் வாட்ச்’ விஷயத்தில் தனிக் கவனம் வேண்டும். 1960-களுக்கு முந்தைய பலவற்றில் உண்மையிலேயே ரேடியம் பூசியிருந்தார்கள். ஒளி மங்கியிருக்கலாம், கதிர்வீச்சு போகாது. ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 ஆண்டு பிடிக்கும். கட்டிக்கொண்டு பார்ப்பதைவிட அதைத் திறந்து சுரண்டுவதும் அந்தத் தூளைச் சுவாசிப்பதும்தான் பெரிய ஆபத்து. வீட்டில் அதைக் கழற்றவே கூடாது.

கடலோர ஊர் என்பதால் இன்னொரு கவலை. உப்புக் காற்றும் ஈரமும் பழைய வாட்ச்சின் எதிரிகள். பின்மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் காய்ந்து வெடித்துவிட்டால், கடற்கரைச் சாலையில் மாலை நடை போனால்கூடக் கண்ணாடிக்குள் பனி படியலாம். டயலில் 30 மீட்டர் என்று எழுதியிருப்பது மழைத்துளிக்கும் கை கழுவுவதற்கும்தான், குளியலுக்கு அல்ல. மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பிரித்துக் கழுவி ஆயில் போட வேண்டும். திடீரென்று நாளுக்குப் பல நிமிடம் வேகமாக ஓடினால் பெரும்பாலும் காந்தம் ஏறியிருக்கும். ஸ்பீக்கரும் கைப்பைக் காந்தப் பூட்டும் வழக்கமான காரணங்கள். அந்தக் காந்தத்தை இறக்க ரிப்பேர்க்காரருக்குச் சில விநாடி போதும். இந்த வேலை தெரிந்த கைகள் குறைந்துவருகின்றன. வாட்ச்சைத் தேடும் முன்பே நல்ல ரிப்பேர்க்காரரைத் தேடிக்கொள்வது நலம்.

புதிதாக வாங்குபவர் வரிக்கணக்கும் பார்க்க வேண்டும். 2025 ஏப்ரல் 22 முதல் 10 லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட கைக்கடிகாரத்துக்கு விற்பவர் 1 சதவீதம் வரி பிடித்துக் கட்டுகிறார். வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம். 2025 அக்டோபர் 1-ல் நடைமுறைக்கு வந்த வர்த்தக ஒப்பந்தப்படி சுவிஸ் வாட்ச்சுகளுக்கான சுங்க வரி ஏழு ஆண்டுகளில் படிப்படியாகக் குறைகிறது. அவசரமில்லாதவர் காத்திருக்கலாம்.

அதுவரை ஒசூரைப் பார்க்கலாம். டாட்டாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய, அங்கே ஆலை கொண்ட டைட்டன், ‘பிரான்ஸ் எபோஷ்’ என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடுதான் மெஷின் செய்யப் பழகியது. 2002-ல் அது கொண்டுவந்த ‘எட்ஜ்’ 3.5 மில்லிமீட்டர் கனம்தான். உள்ளே இருக்கும் மெஷின் 1.15 மில்லிமீட்டர். அவ்வளவு ஒல்லியான கூட்டுக்குள் தண்ணீர் புகாமல் செய்தது சாதாரண வேலை இல்லை. பின்னர் அதே நிறுவனம் சுழலும் கூண்டுக்குள் பேலன்ஸ் சக்கரத்தை வைக்கும் ‘டூர்பியோன்’ வகையில் ‘ஜல்சா’ என்று பத்தே பத்து வாட்ச் செய்து, ஒன்று சுமார் 40 லட்ச ரூபாய் என்று விலை வைத்தது. ஜல்சா எல்லார் கைக்கும் எட்டாது. எட்ஜ் செல் வாட்ச்தான், ஆனாலும் பழைய எட்ஜ் எட்டும் விலைக்குக் கிடைக்கிறது. தமிழ்நாட்டில் உருவான ஒரு பொறியியல் சாதனையைச் சேகரிப்பின் முதல் வரிசையில் வைக்க விரும்புபவர், ஓட்டம் நின்றுபோன எட்ஜைக்கூட விடாமல் வாங்கி வைக்கலாம்.