பேஸ் கிட்டார் ஆம்ப்பில் கரகர சத்தமா? சர்வீஸுக்குத் தூக்கும் முன் இதைச் செய்து பாருங்கள்

ரிகர்சலில் எல்லாம் சரியாக இருக்கும். மேடை ஏறி முதல் நோட்டை வாசித்ததும் ஸ்பீக்கரிலிருந்து 'கர்ர்... படக்... கரகர' என்று சத்தம் வரும். கேபிளைக் கொஞ்சம் அசைத்தால் நின்றுவிடும். அடுத்த பாட்டில் மறுபடியும் ஆரம்பிக்கும். "ஆம்ப் போயிடுச்சுப்பா" என்று பக்கத்தில் இருப்பவர் தீர்ப்பே எழுதிவிடுவார்.

உண்மையில் பல நேரங்களில் ஆம்ப் போயிருக்காது. ஒரு உலோகத்தை இன்னொரு உலோகம் தொடும் ஏதோ ஓர் இடத்தில் அழுக்கு சேர்ந்திருக்கும், அல்லது பிடி தளர்ந்திருக்கும். அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

சத்தம் ஏன் வருகிறது?

பேஸ் கிட்டாரின் பிக்கப்பிலிருந்து வரும் சிக்னல் மிகச் சிறியது. பொதுவாக ஒரு வோல்ட்டைக்கூடத் தொடாது. 300 வாட் ஆம்ப் ஒன்று 8 ஓம் ஸ்பீக்கருக்கு முழு பலத்தோடு அனுப்பும்போது அதுவே சுமார் 49 வோல்ட் ஆகிவிடுகிறது. ஆம்ப் ஒரு பூதக்கண்ணாடி மாதிரி. இசையைப் பெரிதாக்கும்போது, ஜாக்கில் படிந்த அழுக்கால் சிக்னல் விட்டு விட்டு வருவதையும் சேர்த்தே பெரிதாக்கும். அதுதான் கரகர.

பேஸ் வாசிப்பவர்களுக்கு இன்னொரு தலைவலியும் உண்டு. நான்கு கம்பி பேஸின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருக்கும் 'காம்போ' வகையில் அந்த அதிர்வு முழுவதும் உள்ளே இருக்கும் நட்டுகளையும் சால்டர் இணைப்புகளையும் குலுக்கிக்கொண்டே இருக்கும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்துகொண்டால், ஜாக்குகள் சீக்கிரமே மங்கிக் கறுத்துவிடும்.

முதலில் சத்தத்தைக் கவனியுங்கள்

எல்லா இரைச்சலும் ஒன்றல்ல. இடைவிடாமல் ஒரே சீராக 'ம்ம்ம்' என்று வந்தால் அது கரண்ட் சம்பந்தப்பட்டது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். எர்த் பிரச்சினை, பக்கத்தில் இருக்கும் அடாப்டர் போன்றவற்றால் இது வரும். 'ஸ்ஸ்ஸ்' என்ற மெல்லிய சத்தம் எல்லா ஆம்ப்பிலும் ஓரளவு இருப்பதுதான். ஒழுங்கில்லாமல், அசைக்கும்போதோ நாப்பைத் திருப்பும்போதோ 'படபட, கரகர' என்று வந்தால் மட்டுமே இணைப்பைச் சந்தேகப்பட வேண்டும்.

ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள்

பெடல், டியூனர், வயர்லெஸ் என எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டு இந்த வரிசையில் போகலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது முக்கியம்.

1. ஆம்ப் மட்டும்: இன்புட்டில் எதையும் செருகாமல் ஆன் செய்யுங்கள். சத்தம் இல்லையென்றால் சந்தேகம் கேபிள், கிட்டார், இன்புட் ஜாக் ஆகியவற்றின் பக்கம் போகும். வால்யூமைப் பூஜ்ஜியத்தில் வைத்தும் கரகரத்தால் பிரச்சினை ஆம்ப்பின் உள்ளே அல்லது ஸ்பீக்கர் இணைப்பில்.

2. கேபிள்: நன்றாக வேலை செய்வதாகத் தெரிந்த வேறொரு கேபிளால் கிட்டாரை நேராக ஆம்ப்பில் இணையுங்கள். சத்தம் போய்விட்டால் குற்றவாளி பழைய கேபிள்தான். பிளக்கின் மூடியைக் கழற்ற முடிந்தால், உள்ளே விட்டுப்போன கம்பியை மறுபடி சால்டர் செய்யலாம். மோல்டிங் பிளக் என்றால் வெட்டிவிட்டுப் புதிய பிளக் போட வேண்டியதுதான்.

3. கிட்டார்: ஜாக் நட்டு தளர்ந்திருக்கிறதா பாருங்கள். ஜாக் முழுவதும் சுற்றினால் உள்ளே கம்பி அறுந்துவிடும். பின்பக்க மூடியைத் திறந்து ஜாக்கைப் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள். ஆக்டிவ் பேஸ் என்றால் 9 வோல்ட் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். கேபிள் செருகியிருக்கும்வரை பேட்டரி செலவாகிக்கொண்டே இருக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

4. ஆம்ப் இன்புட்: பிளக்கை மெதுவாக அசைத்தால் சத்தம் வருகிறதா? ஜாக்கில் அழுக்கு, அல்லது உள்ளே போர்டில் சால்டர் விரிசல்.

5. செண்ட் - ரிட்டர்ன்: ஆம்ப்பின் பின்னால் எஃபெக்ட்ஸ் லூப் என்ற இரண்டு ஜாக்குகள் இருக்கும். அதில் எதையும் செருகவில்லை என்றாலும், பல ஆம்ப்களில் சிக்னல் ரிட்டர்ன் ஜாக்குக்குள் இருக்கும் சின்ன ஸ்விட்ச் வழியாகத்தான் போகிறது. வருடக்கணக்கில் யாரும் தொடாத அந்த ஸ்விட்சில் அழுக்குப் படியும். ஒரு குட்டி கேபிளால் செண்டையும் ரிட்டர்னையும் இணைத்துப் பாருங்கள். சத்தம் போய் வால்யூமும் சீரானால், விஷயம் இவ்வளவுதான்! அன்றைய கச்சேரியை அந்தக் குட்டி கேபிளோடே ஓட்டிவிடலாம்.

6. ஸ்பீக்கர் கேபிள்: ஆம்ப்பை ஆஃப் செய்துவிட்டு இரண்டு முனைகளையும் சரிபாருங்கள். கிட்டார் கேபிளை ஸ்பீக்கருக்குப் போடக்கூடாது. வெளியே ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே இருக்கும் கம்பி மெல்லியது, சூடாகிவிடும்.

சுத்தம் செய்வது எப்படி?

எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் 'காண்டாக்ட் கிளீனர்' ஸ்பிரே கிடைக்கும். ஆம்ப்பை ஆஃப் செய்து, பிளக்கையும் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். ஸ்பிரேயைக் கேபிள் பிளக்கில் லேசாக அடித்து, ஒவ்வொரு ஜாக்கிலும் பத்துப் பதினைந்து முறை செருகி எடுங்கள். நாப் கரகரத்தால், ஆஃப் நிலையிலேயே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இருபது முப்பது முறை திருப்புங்கள். லேசான அழுக்கு இதிலேயே போய்விடும். ஸ்பிரே முழுவதும் காய்ந்த பிறகே ஆன் செய்ய வேண்டும். பல ஸ்பிரேக்கள் தீப்பிடிக்கக் கூடியவை.

உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். மேல்பூச்சு போய்விட்டால் துரு இன்னும் வேகமாகப் பிடிக்கும். கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயும் வேண்டாம். அதில் தூசிதான் ஒட்டும்.

இங்கே ரிஸ்க் எடுக்காதீங்க

'ம்ம்ம்' சத்தத்தை நிறுத்த மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை வெட்டுவது, எர்த் இல்லாத எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுவது எல்லாம் மேடைகளில் சாதாரணமாக நடக்கிறது. சத்தம் போகலாம், கூடவே உயிரும் போகலாம். பெரும்பாலான பேஸ் கிட்டார்களில் கம்பிகள் ஆம்ப்பின் எர்த்தோடு இணைந்திருக்கும். ஆம்ப்பிலோ சவுண்ட் சிஸ்டத்திலோ எர்த் கோளாறு இருந்தால், கை கம்பியிலும் உதடு மைக்கிலும் பட்ட நொடியில் ஷாக் உடலுக்குள் பாயும். 1972-ல் பிரிட்டனின் ஸ்வான்சீ நகரில் 'ஸ்டோன் தி க்ரோஸ்' குழுவின் கிட்டாரிஸ்ட் லெஸ் ஹார்வி, மேடையில் மைக்கைத் தொட்டபோது மின்சாரம் தாக்கி இறந்தார். மைக்கில் 'சுருக்' என்று பட்டால், பாட்டைப் பாதியில் நிறுத்தினாலும் பரவாயில்லை. கிட்டாரைக் கீழே வையுங்கள்.

அதேபோல ஆம்ப் பெட்டியை நீங்களே திறக்க வேண்டாம். முக்கியமாக வால்வு ஆம்ப்களில் சில நூறு வோல்ட் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் அந்தச் சார்ஜ் தங்கியிருக்கலாம். ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வு ஆம்ப்பை ஓட்டினால் உள்ளே டிரான்ஸ்ஃபார்மரும் வீணாகலாம்.

டெக்னீஷியனிடம் எப்போது போக வேண்டும்?

எதையும் செருகாதபோதும் கரகரத்தால், பெட்டியைத் தட்டினால் சத்தம் வந்தால், ஃபியூஸ் அடிக்கடி போனால், கருகிய வாசனை வந்தால் தாமதிக்காதீர்கள். நாப்பைச் சுத்தம் செய்த பிறகும் திருப்பும்போது கரகரத்தால், உள்ளே ஒரு கெப்பாசிட்டர் கசிந்து டிசி மின்சாரம் நாப்புக்கு வந்துகொண்டிருக்கலாம். அதற்கு ஸ்பிரே மருந்தல்ல.

போகும்போது "சத்தம் வருது" என்று மட்டும் சொல்லாதீர்கள். "கேபிள் மாத்திட்டேன், கிட்டார் மாத்திட்டேன், இன்புட்ல எதுவும் இல்லாதப்பவும் வருது, வால்யூம் குறைச்சா குறையுது" என்று சொல்லுங்கள். தேடும் நேரம் குறையும். தேவையில்லாத பார்ட்ஸை மாற்றும் செலவும் மிச்சமாகும்.

வாசித்து முடித்ததும் பிளக்கை உலர்ந்த துணியால் துடைப்பது, கேபிளை இழுக்காமல் பிளக்கைப் பிடித்துக் கழற்றுவது, ஆம்ப்புக்கு உறை போடுவது — இந்த மூன்றும் பழக்கமாகிவிட்டால் கரகர அவ்வளவு சீக்கிரம் எட்டிப் பார்க்காது. பையில் ஒரு கேபிளும் ஒரு 9 வோல்ட் பேட்டரியும் கூடுதலாக இருக்கட்டும்.