கழன்றால் எமன்! படகு வண்டிக்கு சங்கிலி எங்கே?
ஒரு 'பின்'னை நம்பி ஓடும் டிரெய்லர்கள் — பின்னால் வருகிறவர் கதி என்ன?

(நமது நிருபர்)

சென்னை,

முன்னால் டிராக்டர். பின்னால் இரண்டு சக்கர டிரெய்லர். அதன் மேல் பைபர் படகு. படகுக்கும் டிராக்டருக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு இரும்பு 'பின்'!

அந்தப் பின் துள்ளி விழுந்தால்?

டிராக்டர் தன் வழியே போகும். படகு தன் வழியே போகும். அதற்கு பிரேக் கிடையாது, ஸ்டியரிங் கிடையாது, ஹாரனும் கிடையாது. எதிரே பஸ் வந்தாலும், பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடந்தாலும் அதற்குத் தெரியாது.

இதைத் தடுக்க பெரிய எந்திரம் தேவை இல்லை. இரண்டு துண்டு சங்கிலி போதும்! ஆனால், அந்தச் சங்கிலிதான் பல வண்டிகளில் இருப்பது இல்லை.

தெருவுக்கு வரும் படகுகள்

"படகு கடலில்தானே இருக்கும், நமக்கு என்ன?" என்று கேட்கலாம்.

2015-ம் ஆண்டு டிசம்பர் மாதம் சென்னையை வெள்ளம் சூழ்ந்ததை மறக்க முடியுமா? கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, முடிச்சூர் என்று எங்கு பார்த்தாலும் தண்ணீர். மீனவர்கள் படகுகளை வண்டிகளில் ஏற்றிக்கொண்டு ஓடி வந்தார்கள். மாடியில் தவித்தவர்களை மீட்டார்கள்.

2023-ம் ஆண்டு டிசம்பரில் 'மிக்ஜாம்' புயல். வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் மறுபடியும் படகுகளும் டிராக்டர்களும் வந்தன.

2018-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கேரளத்தில் பெருவெள்ளம் வந்தபோதும் இதே கதைதான். கடலோர மீனவர்கள் லாரிகளில் படகை ஏற்றி உள்நாட்டுக்குப் போய் ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றினார்கள்.

ஆக, படகு ரோட்டுக்கு வருவது புதிது அல்ல. ஐப்பசி, கார்த்திகை வந்தால் மறுபடியும் வரலாம். உயிரைக் காப்பாற்ற வரும் படகு, வழியில் ஒரு உயிரை எடுத்துவிடக் கூடாது அல்லவா?

வெள்ளம் இல்லாத நாளிலும், குப்பங்களில் படகை மணலில் இழுக்க டிராக்டர் உண்டு. ரிப்பேருக்கு ரோட்டு வழியாகக் கொண்டு போவதும் உண்டு.

இரண்டு மாடி உயரம்!

கணக்கு ஒன்று பார்ப்போம்.

படகும் டிரெய்லரும் சேர்ந்து ஒரு டன் என்று வைத்துக்கொள்வோம். வேகம் மணிக்கு 40 கி.மீ. இது ஒன்றும் பெரிய வேகம் அல்ல. டவுன் பஸ் போகிற வேகம்தான்.

அந்த வேகத்தில் கழன்ற வண்டி ஒரு வினாடியில் 11 மீட்டர் ஓடும். அதாவது, "ஐயோ" என்று சொல்வதற்குள் ஒரு பஸ்சின் நீளத்தைத் தாண்டிவிடும்.

அது மோதும் வேகம் எப்படி இருக்கும்? 6 மீட்டர் உயரத்தில் இருந்து ஒரு டன் எடையைக் கீழே போட்டால் எப்படியோ, அப்படி! இரண்டாவது மாடியில் இருந்து விழுகிற மாதிரி. கீழே நிற்பவர் சைக்கிள்காரராக இருந்தால் சொல்லவே வேண்டாம்.

பின் ஏன் கழலுகிறது?

"நல்ல கனமான பின்னு அண்ணே, அது எங்க போகப் போகுது?" — வண்டிக்காரர்களிடம் அடிக்கடி கேட்கிற பேச்சு இது.

பின் கனமாகத்தான் இருக்கும். ஆனால் அதை மேலே எழும்பாமல் பிடித்துக்கொள்வது ஒரு சின்ன கிளிப். அந்த கிளிப் தொலைந்து போனால் புதிதாக வாங்குவது கிடையாது. ஒரு ஆணி, அல்லது கட்டுக்கம்பி. அதுவும் அறுந்தால்? வேகத்தடை மேல் ஏறும்போது பின் ஒரு தரம் துள்ளும். இரண்டாவது வேகத்தடையில் இன்னும் கொஞ்சம். அப்புறம் ரோட்டில் 'டங்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்!

கார், ஜீப்பில் இழுப்பவர்கள் வேறு மாதிரி இணைப்பு வைத்திருப்பார்கள். வண்டியின் பின்னால் ஒரு இரும்பு உருண்டை. டிரெய்லரின் மூக்கில் கிண்ணம் போல ஒரு பூட்டு. கிண்ணம் உருண்டை மேல் உட்கார்ந்து பூட்டிக்கொள்ளும்.

இதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. உருண்டை 50 மி.மீ. அளவிலும் வருகிறது, 2 அங்குல அளவிலும் வருகிறது. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு மி.மீ.க்கும் குறைவு. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 2 அங்குலக் கிண்ணத்தில் 50 மி.மீ. உருண்டை போட்டால் உள்ளே ஆட்டம் இருக்கும். குண்டும் குழியுமான ரோட்டில் ஆட்டம் இருந்தால் போதாதா?

எனவே, பின் ஆனாலும் உருண்டை ஆனாலும், ஒன்றை மட்டும் நம்பக் கூடாது. அது தவறினால் பிடித்துக்கொள்ள இன்னொரு கை வேண்டும். அந்தக் கைதான் சங்கிலி!

தூளி மாதிரி கட்ட வேண்டும்

சங்கிலி எப்படி மாட்டுவது? இதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

இரண்டு சங்கிலி வேண்டும். டிரெய்லரின் இடது பக்கத்து சங்கிலியை வண்டியின் வலது பக்கத்தில் மாட்ட வேண்டும். வலது பக்கத்து சங்கிலியை இடது பக்கத்தில் மாட்ட வேண்டும். இரண்டும் மூக்குக்குக் கீழே குறுக்கே போகும்.

எதற்கு இந்தப் பெருக்கல் குறி?

பின் கழன்றால் டிரெய்லரின் மூக்கு நேரே தரையில் இறங்கும். ஒரு பள்ளத்தில் குத்திக்கொண்டால் டிரெய்லர் குட்டிக்கரணம் அடிக்கும். படகு பறக்கும்! குறுக்கே போட்ட சங்கிலிகள், குழந்தையைத் தூளி தாங்குகிற மாதிரி அந்த மூக்கைத் தாங்கிக்கொள்ளும். தரையில் குத்தாது. அலைபாயாமல் பின்னாலேயே வரும்.

நீளம் முக்கியம். ரொம்பக் குட்டையாக இருந்தால், முனை திரும்பும்போது விறைத்து, சங்கிலியே அறுந்துவிடும். ரொம்ப நீளமாக இருந்தால் ரோட்டில் உரசும். உரசினால் கண்ணி தேயும். தீப்பொறியும் பறக்கும். அமெரிக்காவில் கோடைகாலத்தில் இப்படி உரசும் சங்கிலியின் பொறியால் காய்ந்த புல் தீப்பிடிக்கிறது என்று அரசாங்கமே எச்சரிக்கிறது.

இரண்டு பக்கமும் முழுசாகத் திரும்ப இடம் கொடுக்க வேண்டும். தரையில் படக் கூடாது. இதுதான் அளவு.

ஊஞ்சல் சங்கிலி உதவாது

"வீட்டில் கிடக்கிற ஊஞ்சல் சங்கிலியைப் போட்டால் என்ன?"

போடக் கூடாது! ஊஞ்சல் சங்கிலி, மாட்டுச் சங்கிலி, கேட் சங்கிலி எல்லாம் இதற்கு உதவாது. நைலான் கயிறும் அப்படித்தான். வெயிலில் கிடந்து நைந்து, உராய்ந்து, தேவைப்படுகிற நேரத்தில் காலை வாரிவிடும்.

வெளிநாடுகளில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். டிரெய்லரும் சரக்கும் சேர்ந்து எவ்வளவு எடையோ, அந்த எடைக்கு அறுந்து போகாத சங்கிலியாக ஒவ்வொன்றும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து அல்ல, ஒவ்வொன்றும்! ஆஸ்திரேலியாவில் இரண்டரை டன் வரை உள்ள டிரெய்லருக்கு குறைந்தது ஒரு சங்கிலி, அதற்கு மேல் போனால் இரண்டு கட்டாயம்.

பாரிமுனை இரும்புக் கடைகளில் எடை தூக்கும் சங்கிலி என்று கேட்க வேண்டும். 'கிரேடு 80' என்கிற ரகம் நல்ல உறுதி. கண்ணியில் '8' அல்லது '80' என்று முத்திரை இருக்கும். இதில் 8 மி.மீ. கனமுள்ள சங்கிலிக்கு பாதுகாப்பான சுமை 2 டன். 10 மி.மீ. என்றால் 3.15 டன். அறுந்து போகிற எடை இதைப்போல் நாலு மடங்கு.

ஒரு எச்சரிக்கை! இந்த ரகத்தை வெல்டிங் செய்யக் கூடாது. பதம் போட்ட இரும்பு அது. சூடு பட்டால் பதம் போய்விடும். வெளியே பார்க்க உறுதியாக இருக்கும், இழுத்தால் அறும். டிரெய்லரின் சட்டத்தில் ஒரு கனத் தகட்டை வெல்டிங் செய்து, அதில் துளை போட்டு, ஷேக்கிள் கொண்டு மாட்டுவதே முறை. ஷேக்கிளின் திருகு கழலாமல் இருக்க ஒரு கம்பியால் கட்டிவிட வேண்டும்.

எங்கே மாட்டக் கூடாது?

சிலர் சங்கிலியையும் அந்தப் பின்னிலேயே சுற்றிவிடுகிறார்கள். இதில் என்ன பிரயோஜனம்? பின் போனால் சங்கிலியும் சேர்ந்து போகும்!

பம்பரில் மாட்டுவதும் வீண். பம்பர் பிய்த்துக்கொண்டு வரும். வண்டியின் அடிச்சட்டத்தில், பின்னுக்குச் சம்பந்தம் இல்லாத தனி இடத்தில் மாட்ட வேண்டும்.

முனையில் கொக்கி வைத்தால், வாயை மூடும் நாக்கு உள்ள கொக்கியாக இருக்க வேண்டும். வெறும் கொக்கி, துள்ளலில் தானே கழன்றுகொள்ளும்.

உப்புத் தண்ணீர் எதிரி

மற்ற டிரெய்லருக்கு இல்லாத ஒரு தொல்லை படகு டிரெய்லருக்கு உண்டு. அது கடல் தண்ணீருக்குள்ளேயே இறங்கி ஏறுகிறது. உப்பு, இரும்பைத் தின்றுவிடும்.

ஒவ்வொரு தடவையும் சங்கிலியை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். நாகப் பூச்சு உள்ள சங்கிலி என்றால் கூடுதல் ஆயுள். 10 மி.மீ. கண்ணி தேய்ந்து 9 மி.மீ. ஆகிவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். நீண்டு போன கண்ணி, வளைந்த கண்ணி இருந்தாலும் அப்படியே. "இன்னும் ஒரு சீசன் ஓட்டலாம்" என்ற பேச்சே கூடாது.

படகையும் மறக்கக் கூடாது. டிரெய்லர் கழலாவிட்டாலும் படகு வழுக்கி விழலாம். படகின் மூக்கை இழுத்துப் பிடிக்கும் விஞ்ச் பெல்ட்டை மட்டும் நம்பாமல், அங்கேயும் தனியாக ஒரு சங்கிலி வேண்டும். படகுக்குள் ஆட்களை உட்கார வைத்துக்கொண்டு போவது அதைவிடப் பெரிய தப்பு.

பாரம் வைப்பதிலும் கவனம் வேண்டும். மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு மூக்கில் இருக்க வேண்டும். எஞ்சினும் வலையும் பின்பக்கமே குவிந்தால் டிரெய்லர் பாம்பு மாதிரி நெளியும்.

சோதித்துப் பாருங்கள்

சங்கிலி சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி.

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். சங்கிலியை மாட்டிவிட்டு, ஜாக்கியால் தாங்கி, பின்னை உருவுங்கள். ஜாக்கியை மெதுவாக இறக்குங்கள். கையையும் காலையும் கீழே விடக் கூடாது! மூக்கு சங்கிலியில் தொங்குகிறதா? பாஸ். தரையைத் தொடுகிறதா? சங்கிலி நீளம்; குறைக்க வேண்டும்.

ஓடும்போது கழன்றுவிட்டால்? திடீர் பிரேக் அடிக்கக் கூடாது. அடித்தால் டிரெய்லர் பின்னால் வந்து மோதும். ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்து, மெல்ல வேகம் குறைத்து, ஓரம் கட்ட வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி டிரெய்லரும் மோட்டார் வாகனம்தான். அதற்கும் பதிவு உண்டு. "இது வெறும் வண்டிதானே சார்" என்று சொல்லித் தப்ப முடியாது.

ரிப்பேரான காரை கயிறு கட்டி இழுப்பவர்களுக்கும் விதி உண்டு. 1989-ம் ஆண்டு சாலை விதிகள், இரண்டு வண்டிக்கும் இடைவெளி 5 மீட்டருக்கு மேல் கூடாது என்றன. வேகம் 24 கி.மீ.க்கு மேல் கூடாது. பின்னால் இருக்கும் காரில் லைசென்ஸ் உள்ளவர் உட்கார்ந்திருக்க வேண்டும். கயிறு மற்றவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். 'ஆன் டோ' என்று 75 மி.மீ. உயர எழுத்தில் எழுதித் தொங்கவிட வேண்டும். 2017-ல் அந்த விதிகளின் இடத்தில் புதிய விதிகள் வந்தன.

நமது ரோடுகளில் 'ஆன் டோ' அட்டையைப் பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள், பார்க்கலாம்!

மழைக்கு முன்னால்...

மழை கொட்டும்போது, "சீக்கிரம் போப்பா, ஜனங்க மாடியில நிக்கிறாங்க" என்று குரல் வரும். அந்த அவசரத்தில் சங்கிலி தேட முடியாது. வெல்டிங் பட்டறையும் திறந்திருக்காது.

ஆகவே, படகு வைத்திருப்பவர்களும், டிராக்டர் வைத்திருப்பவர்களும், மீட்புக்குப் படகு கேட்கும் அதிகாரிகளும் வெயில் காலத்திலேயே இதை முடித்துவிட வேண்டும். ஒரு நாள் பட்டறை வேலைதான்.

புறப்படும் முன் ஐந்து நிமிஷம் ஒதுக்கி, பின், கிளிப், இரண்டு சங்கிலி, பின்விளக்கு, டயர் காற்று என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். கண்ணால் பார்த்தால் போதாது, கையால் ஆட்டிப் பாருங்கள்.

பஸ்சிலும் ஸ்கூட்டரிலும் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. முன்னால் டிரெய்லர் போனால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். சங்கிலி இருக்கிறதா இல்லையா என்பது உங்களுக்குத் தெரியாது. தள்ளியே போங்கள்!