முதலில் காதைப் பாருங்கள்

"அவன் அப்பனே மூணு வயசுலதான் வாயத் தொறந்தான், சும்மா இரு." பேச்சு வராத பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கவலைப்படும் தாய்க்குத் தமிழ்நாட்டில் எங்கும் கிடைக்கும் ஆறுதல் இது. பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களும் விலக்கல்ல. அது பாதி உண்மையும்கூட. தாமதமாகப் பேசுகிற பிள்ளைகளில் பலர் தாமாகவே தேறிவிடுகிறார்கள். யார் தேறுவார், யார் பின்தங்குவார் என்று இரண்டு வயதிலேயே அறுதியிட்டுச் சொல்லத்தான் யாராலும் முடிவதில்லை.

ஒரு வயதை ஒட்டி முதல் சொல் வர வேண்டும். இரண்டு வயதில் 'அம்மா வா', 'மீன் தா' என்று இரண்டு சொல் சேர வேண்டும். சேரவில்லையா? நாக்கை விட்டுவிட்டுக் காதைப் பார்க்க வேண்டும். 'நாக்கு தடிப்பு' என்று வசம்பைத் தேய்க்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. காது கேட்காத பிள்ளைக்கு வசம்பு என்ன செய்யும்? கதவு அறைந்தால் திரும்புகிறானே என்பார்கள். பலத்த ஓசை கேட்டும், 'ச' போன்ற மெல்லிய ஒலி கேட்காமல் போகலாம். அடிக்கடி சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்தாலும் கேட்கும் திறன் மங்கும். நெருங்கிய உறவில் மணமுடித்த குடும்பங்களில் பிறவிச் செவித்திறன் குறைபாட்டுக்கு வாய்ப்பு கூடுதல். பிள்ளை தூங்கும்போதே செய்துவிடக்கூடிய 'பெரா' என்னும் செவித்திறன் பரிசோதனை இந்தக் குறைகளைக் காட்டிக்கொடுக்கும்.

வழி இல்லாமல் இல்லை. 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வர வேண்டும்; சந்தேகம் இருந்தால் மாவட்ட இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும். சிக்கல் அதற்குப் பிறகுதான். பேச்சுப் பயிற்சி ஒரே நாளில் முடிகிற வேலையல்ல. அந்தப் பயிற்சி கிடைக்கும் பன்முக மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருப்பது சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில். பழவேற்காடோ நகருக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர். வாராவாரம் மாநகரைக் கடந்து போய்வந்தால் வீட்டுப் பாட்டுக்கு என்ன செய்வது? தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கம், பயிற்சி பெற்ற ஊர்ப் பணியாளர்களை வீடுகளுக்கே அனுப்புகிறது. சிகிச்சையாளர்கள் செயலி வழியாக அவர்களுக்கு வழிகாட்டுகிறார்கள். குப்பங்களுக்குத் தேவை இந்த மாதிரிதான்.

அதுவரை வீட்டிலேயே செய்யக்கூடியதும் நிறைய. வலையிலிருந்து நண்டைக் கழற்றும்போது பிள்ளை கைநீட்டினால் உடனே கொடுத்துவிடாமல், முகத்தைப் பார்த்துச் சில நொடி காத்திருக்கலாம். 'ண்டு' என்று அரைகுறையாக வந்தாலும் போதும். 'ஆமா, பெரிய நண்டு' என்று ஒரு சொல்லைக் கூட்டித் திருப்பிச் சொல்லலாம். 'சொல்லு, சொல்லு' என்று நச்சரித்தால் இருக்கிற வாயும் மூடிக்கொள்ளும். வேலை முடியும்வரை கையில் செல்போனைக் கொடுத்து உட்கார வைப்பதை எளிதில் குறை சொல்லிவிடலாம். மீனும் ஆய்ந்துகொண்டு பிள்ளையையும் பார்ப்பவருக்கு அது ஓர் ஆள் துணை. ஆனால் போன் பதிலுக்குக் காத்திருக்காது. ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது.

ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருப்பதால் தெலுங்கும் தமிழும் கலந்து புழங்கும் வீடுகள் இங்கே உண்டு. இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. பாட்டி தெலுங்கில் கொஞ்சினால் கொஞ்சட்டும்.