கொதிக்க வைத்தாலும் போகாதது

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் போர்வெல் தண்ணீரைத் தினமும் காய்ச்சிக் குடிக்கும் வீட்டில், அந்தப் பாத்திரத்தைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் வெள்ளையாக ஒரு பொருக்கு படிந்திருக்கும். எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டால் நுரைத்துப் பொங்கும். 'கெட்டதெல்லாம் அடியிலேயே தங்கிடுச்சுங்க' என்று நிம்மதியாகத் தண்ணீரை எடுத்துக் குடிப்பார்கள்.

தங்கியது கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்பு. நீரில் கரைந்திருந்த கால்சியம் பைகார்பனேட் சூட்டில் சிதைந்து கார்பன் டை ஆக்சைடை வெளியே விட, மிச்சம் அடியில் படிகிறது. அதனால் உடம்புக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை. கவலைப்பட வேண்டிய ஃபுளூரைடோ படியாமல் தண்ணீரிலேயே இருக்கிறது.

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம், கொழிஞ்சாம்பாறை இருக்கும் சித்தூர் வட்டம், மழை குறைந்த பூமி. மேற்கே கேரளம் நனையும்போது இங்கே காய்ந்து கிடக்கும். கிணறு வற்ற வற்ற போர் போட்டு, ஆழத்துப் பாறை இடுக்கில் வெகுகாலம் தேங்கிய நீரை எடுத்தார்கள். அந்தப் பாறையில் காக்காப்பொன், ஹார்ன்பிளெண்ட், அபடைட் போன்ற கனிமங்கள் இருக்கின்றன. காரத்தன்மையுள்ள நீர் அவற்றிலிருந்து ஃபுளூரைடைக் கரைத்தெடுக்கிறது. இந்த வட்டாரத்துப் போர்வெல் பலவற்றில் அது வரம்பைத் தாண்டியிருப்பதை நிலத்தடி நீர் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

பள்ளியில் தனிமம், சேர்மம், கலவை என்று மூன்று வரையறை எழுதி மனப்பாடம் செய்கிறோம். அந்த மூன்றையும் இந்த ஒரு குடம் தண்ணீரை வைத்தே விளக்கலாம்.

ஃபுளூரின் ஒரு தனிமம். வெளிர்மஞ்சள் வாயு, கண்ணாடியைக்கூட அரிக்கும். அதைப் பிரித்தெடுக்க முயன்று உயிரிழந்த வேதியியலாளர்கள் உண்டு. 1886இல் பிரான்சின் ஹென்றி முவாசான்தான் பிரித்துக் காட்டினார். 1906இல் நோபல் பரிசும் பெற்றார். அத்தனை ஆவேசமான தனிமம் கால்சியத்தோடு சேர்ந்து ஃபுளூரைடு ஆகிவிட்டால் வெறும் கல்தான். சேர்மத்தில் தனிமத்தின் குணம் தொடராது.

நீரும் சேர்மம்தான். ஹைட்ரஜன் ஒரு பங்கு என்றால் ஆக்சிஜன் எட்டுப் பங்கு எடை. கங்கையிலும் சித்தூர்ப் புழையிலும் அதே விகிதம். ஆனால் கிணற்றுத் தண்ணீர் கலவை. அதற்கு நிலையான விகிதம் கிடையாது. அடுத்தடுத்த இரண்டு தோட்டத்துப் போர்வெல்லில் ஃபுளூரைடு இரண்டு விதமாக இருக்கலாம். கோடையில் ஒரு அளவு, மழைக்குப் பின் வேறு அளவு. பாடப்புத்தகம் ஒரே வரியில் கடந்துபோகும் இந்த உண்மைதான் ஒரு பிள்ளையின் பல்லைத் தீர்மானிக்கிறது.

இந்தியத் தர நிர்ணயப்படி ஒரு லிட்டர் குடிநீரில் ஃபுளூரைடு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது; வேறு நீர் இல்லாவிட்டால் 1.5 வரை. பல்லின் எனாமலில் சிறிதளவு ஃபுளூரைடு ஏறினால் சொத்தையைத் தடுக்கும். பற்பசையில் சேர்ப்பது அதற்குத்தான். நிரந்தரப் பல் உருவாகும் வயதில், ஏறக்குறைய எட்டு வயதுவரை, அளவு மீறினால் எனாமலில் வெள்ளைத் திட்டு விழும், பிறகு பழுப்பேறும். எத்தனை தேய்த்தாலும் போகாது. பிள்ளை பல் விளக்கவில்லை என்று திட்டுவது அநியாயம். இன்னும் அதிகமாகப் பல வருடம் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும். சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் 1937இலேயே இதை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள்.

துணியில் வடிகட்டினால் மண் போகும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். அதற்காகக் கொதிக்க வைக்கத்தான் வேண்டும். ஆனால் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் ஃபுளூரைடு உள்ள பத்து லிட்டரில் ஒரு லிட்டர் ஆவியாகிப் போனால், மிச்சத்தில் லிட்டருக்கு 1.67 ஆகிவிடும். நீர்தான் ஆவியாகிறது, ஃபுளூரைடு ஆவியாவதில்லை. ஆர்.ஓ. இயந்திரம், கிளர்வூட்டிய அலுமினா வடிகட்டி, சுண்ணாம்பும் படிகாரமும் சேர்த்துத் தெளியவைக்கும் நல்கொண்டா முறை ஆகியவை அதை நீக்கும். மழைநீரில் பாறையின் உப்பு இல்லை. கூரை நீரைச் சேமித்துக் குடிக்க வைத்துக்கொள்வதும் நல்ல வழி.

நாக்குக்கும் கண்ணுக்கும் ஃபுளூரைடு தெரியாது. சிர்கோனியம்–அலிசரின் கரைசலுக்குத் தெரியும்: சிவப்பு நிறம், ஃபுளூரைடு ஏற ஏற மஞ்சளை நோக்கி நகரும். இங்குள்ள தமிழ்வழி வகுப்புகளில் கலவைப் பாடம் வரும் வாரம், ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவரட்டும். ஆசிரியர் முன்னால் சோதித்து, எந்தத் தெரு, எந்தப் போர், என்ன நிறம் என்று நோட்டில் குறித்து வைக்கட்டும். மஞ்சள் காட்டிய பாட்டில்களை நீர்ப் பரிசோதனை ஆய்வகத்துக்கு அனுப்பினால் சரியான எண் கிடைக்கும். பஞ்சாயத்தில் காட்டி நல்ல தண்ணீர் கேட்க அந்த எண் போதும்.