ஒரு வீடு, இரண்டு இயல்புகள்



சிரிக்க வைப்பதற்கென்றே எடுக்கப்பட்ட தொலைக்காட்சித் தொடரில் படிப்பினை தேடுவதா என்று நம் பெரியவர்கள் முகம் சுளிக்கலாம். சற்றுப் பொறுத்தருளுங்கள். விடுதியிலோ வெளியூரிலோ அறிமுகமற்ற ஒருவருடன் அறையைப் பகிர்ந்து வாழும் பிள்ளை உங்கள் இல்லத்தில் இருந்தால், இது அவருக்கும் உதவும்.

அமெரிக்காவில் ஏபிசி நிறுவனம் 1970 முதல் 1975 வரை ஒளிபரப்பிய தொடர் ‘தி ஆட் கப்பிள்’. பொருந்தாத இணை என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். நியூயார்க் நகரில் ஒரு வீடு. அதில் விளையாட்டுச் செய்தியாளர் ஆஸ்கர் மேடிசன் வசிக்கிறார். கழற்றிய சட்டையை எங்கே எறிந்தோம் என்று அறியாதவர். மனைவியால் வெளியேற்றப்பட்ட நண்பர் ஃபீலிக்ஸ் உங்கர் அங்கே அடைக்கலம் புகுகிறார். அவரோ தூசியைக் கண்டால் துடிப்பவர். நீல் சைமன் எழுதி 1965இல் அரங்கேறிய நாடகமே இதற்கு மூலம். மணவிலக்குக்குப் பின் நண்பரொருவருடன் சேர்ந்து வாழ்ந்த தம் அண்ணன் டேனியின் அனுபவமே அவருக்குக் கருவாயிற்று.

தூய்மையை ஈமானின் பாதியாகப் போற்றும் நாம் ஃபீலிக்ஸின் பக்கமே சாய்வோம். ஆயினும் நாடகத்தைக் கூர்ந்து நோக்குங்கள். ஆஸ்கரின் தோழர்கள் வாரந்தோறும் சீட்டாடக் கூடுகின்றனர். (அந்தச் சூதாட்டத்தை நாம் ஏற்க வேண்டியதில்லை.) ஃபீலிக்ஸ் சீட்டுக்கட்டைக் கூடக் கிருமிநாசினியால் துடைத்து வைக்கிறார். வந்தவர்களுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீடு யாருடையது? துடைக்கும்படி கேட்டவர் யார்? தாம் செய்வது நன்மை என்ற உறுதியே, பிறர் வாழ்வில் கை வைக்கப் போதுமான அனுமதி என அவர் கருதிவிட்டார். பிள்ளையின் மேசையையும் மருமகளின் அலமாரியையும் கேட்காமலே ஒழுங்கு செய்யும் அன்புள்ளங்கள் இவ்விடத்தில் சற்று நின்று சிந்திக்கட்டும்.

ஆஸ்கரிடமும் பிழை உண்டு. என் கருத்தில் அதுவே பெரிய பிழை. தமக்குப் பிடிக்காததை உரிய நேரத்தில் அவர் சொல்வதில்லை. வாரக்கணக்கில் மனத்துக்குள் சேர்த்து வைத்து, ஒருநாள் வெடிக்கிறார். நண்பர் சமைத்த உணவைத் தட்டோடு சுவரில் எறிகிறார். பின்வாசல் சாவியைக் கையில் கொடுத்து, உன் அறையோடு நின்றுகொள் என்கிறார். முதல் வாரத்திலேயே இதமாகச் சொல்லியிருந்தால் அது ஓர் எல்லையாக இருந்திருக்கும். சினத்தில் சொன்னபோது தண்டனையாகிவிட்டது. அடைக்கலம் கொடுத்தவர் என்பதால், அடைக்கலம் பெற்றவரை அவமதிக்கும் உரிமை வந்துவிடுமா என்ன?

தொடரின் இறுதிப் பகுதியில் ஃபீலிக்ஸ் தம் மனைவியையே மீண்டும் மணந்து விடைபெறுகிறார். ஆஸ்கரைக் கௌரவிக்கும் விதமாக, குப்பைக் கூடையைத் தாமே தரையில் கவிழ்க்கிறார். நெகிழ்ந்த ஆஸ்கர், இதை நானே சுத்தம் செய்வேன் என்கிறார். பிறகு மனம் மாறி, அப்படியே விட்டுவிட்டுப் போகிறார். ஃபீலிக்ஸ் திரும்பி வந்து, இவர் செய்யமாட்டார் என்று தெரியும் எனக் கூறியபடி குப்பையை அள்ளுகிறார். இருவருமே மாறவில்லை. ஆனால் ஒருவர் இயல்பை மற்றவர் அறிந்துகொண்டனர்.

ஃபீலிக்ஸாக நடித்தவர் டோனி ராண்டால். ஆஸ்கராக நடித்தவர் ஜாக் க்ளக்மன். 1989இல் தொண்டைப் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சையில் க்ளக்மன் ஒரு குரல்நாணை இழந்தார். நடிகருக்குக் குரல் போனால் மிஞ்சுவதென்ன? இனி மேடை இல்லையென்றே அவர் எண்ணியிருந்தார். அந்நேரத்தில் ராண்டால் அறிவுரை கூறி நெருக்கவில்லை. நண்பர் பேசப் பழகும்வரை காத்திருந்து, 1991இல் தம் நாடகக் குழுவுக்கு நிதி திரட்டும் நிகழ்ச்சியில் அதே நாடகத்தில் உடன் நடிக்க அழைத்தார். க்ளக்மன் கரகரத்த குரலோடு மீண்டும் ஆஸ்கராக மேடையேறினார். ராண்டால் 2004இல் காலமானார். அடுத்த ஆண்டு க்ளக்மன் அந்த நட்பைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதன் பெயர் ‘டோனியும் நானும்’.